காரின் அடியில் தங்கும் மழை

2024 டிசம்பர் 2ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் எடுத்த காணொளியைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. ஃபெஞ்சல் புயலின் மிச்சம் அந்த ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியிருந்தது. சாலையோரம் நிறுத்தியிருந்த கார்களும் வேன்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெள்ளத்தோடு நகர்ந்து பள்ளத்தில் சரிந்தன. யாரும் அவற்றைத் தண்ணீருக்குள் ஓட்டிப் போகவில்லை. நிறுத்திய இடத்திலேயே தண்ணீர் வந்து எடுத்துக்கொண்டு போனது. அதே நாளில் தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மேலேறி ஓடியதில் போக்குவரத்து நின்றது. அந்தச் சாலைதான் உளுந்தூர்பேட்டை, வேப்பூர், தொழுதூர் என்று எங்கள் பகுதியைத் தொட்டுக்கொண்டு தெற்கே போகிறது.

எங்கள் பகுதி என்று நான் சொல்வது கடலூர் மாவட்டத்து மங்களூர். விருத்தாசலத்துக்கு மேற்கே, திட்டக்குடியும் வேப்பூரும் சூழ்ந்த ஒன்றியம். கர்நாடகக் கடற்கரையில் இருக்கும் மங்களூரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றாலும், கார் விஷயத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அங்கே ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஜூன் தொடங்கி நான்கு மாதம் விடாமல் பெய்யும். ஊரே அதற்கேற்பக் கட்டப்பட்டிருக்கிறது: சரிந்த ஓட்டுக் கூரைகள், சரிவான வீதிகள், வண்டிக்கென்று தாழ்வாரம். இங்கே அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் மொத்தமாகக் கொட்டிவிடும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் பெய்தது. மற்ற மாதங்களில் வெயிலும் புழுதியும்தான். ஆகவே மழைக்குக் காரைத் தயார் செய்யும் பழக்கமே எங்களிடம் வளரவில்லை. ஒன்பது மாதம் வெயிலில் நின்று கதவு பீடிங் விறைத்து, வைப்பர் ரப்பர் வெடித்து, வடிதுளைகளில் புழுதி அடைந்து கிடக்கிற வண்டியின் மீதுதான் முதல் மழை விழுகிறது. மழைக்காலச் சேதத்தில் பாதி கோடையிலேயே தயாராகிவிடுகிறது.

மழையிலிருந்து காரைக் காப்பது பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் பெயிண்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கூரையிலும் பானெட்டிலும் விழுகிற மழை வழிந்து போய்விட்டால் காருக்குப் பெரிய கேடில்லை. தண்ணீர் தங்கினால்தான் கேடு. எங்கே தங்குகிறது, எத்தனை நாள் தங்குகிறது, எவ்வளவு உயரத்துக்குத் தங்குகிறது என்பதைப் பொறுத்தே செலவு சில நூறிலா சில லட்சத்திலா என்பது முடிவாகிறது. நம் பணமும் கவனமும் போகிற இடம் ஒன்று, தண்ணீர் தங்குகிற இடம் வேறொன்று. நான் பார்த்த அளவில் இந்த விஷயத்தின் சாரம் இதுதான்.

முதலில் துரு. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். உப்புச் சேர்ந்தால் வேகம் கூடும். தொழிற்சாலையில் காரின் உடல் கூட்டைப் பாஸ்பேட் கரைசலில் முக்கி, பிறகு மின்சாரம் பாயும் பெயிண்ட் தொட்டியில் முழுதாக அமிழ்த்தி எடுக்கிறார்கள். வெளியே தெரியாத இடுக்குகளிலும் ஏறும் அந்தப் படலத்தின் தடிமன் சுமார் 20 மைக்ரான். அதற்கு மேல் பிரைமர், நிறம், மினுக்கும் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும். இன்றைய கார்களில் பல பாகங்களுக்குத் துத்தநாகம் பூசிய தகடு. அந்தக்கால அம்பாசிடரின் கனத்த தகடு இப்போது இல்லை. ஆனால் அம்பாசிடருக்குக் கிடைக்காத ரசாயனக் காவல் இன்றைய மெல்லிய தகட்டுக்கு உண்டு. இந்தக் காவல் உடையும் இடத்தில்தான் துரு தொடங்கும். சக்கரம் வாரியடிக்கும் ஜல்லி, காற்றடைத்த துப்பாக்கிபோல் அடியை அரித்துக்கொண்டே இருக்கிறது.

எங்கள் ஒன்றியத்தில் இதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்றும் உண்டு. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் நிலங்கள் இங்கே அதிகம். கரிசல் மண் தண்ணீரைக் குடித்தால் ஊதும், விடவே விடாது. வயலுக்குப் போய் வந்த காரின் மட்கார்டு உள்பக்கத்திலும், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் பின்முனையிலும் அந்தச் சேறு அப்பிக்கொள்கிறது. மேலே வெயில் அடித்து வண்டி காய்ந்தது போலத் தெரியும். உள்ளே ஒரு கைப்பிடிச் சேறு வாரக் கணக்கில் ஈரமாகவே இருக்கும். வேப்பூர்ப் பக்கம் ஒரு டிங்கரிங் ஷெட்டில், வெளியே ஒரு கீறல்கூட இல்லாத வெள்ளைக் கார் ஒன்றை லிஃப்டில் ஏற்றியிருந்தார்கள். டிங்கர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பின்சக்கரத்துக்கு முன்னால் ரன்னிங் போர்டு முடியும் மூலையைக் குத்திச் சுரண்டினார். முதலில் கட்டியாகச் சேறு உதிர்ந்தது. அதன்பின் அப்பளம் போலத் தகடு உதிர்ந்தது. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை உள்ளே போனது. உரிமையாளர் வாராவாரம் வாட்டர் வாஷ் கொடுப்பவர்தானாம். வாஷ் கொடுக்கிற பையன் மேலே நுரை போட்டுத் துடைத்திருக்கிறான், அந்த மூலைக்குக் குழாயைக் காட்டவில்லை. அந்த ஒரு மூலைக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் பீய்ச்சியிருந்தால் போதும். இப்போது தகடு வெட்டி, வெல்டிங் வைத்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடிக்க வேண்டும். அப்படிப் போட்ட பட்டிக்குள் மறுபடி ஈரம் இறங்காது என்று டிங்கரே உறுதி சொல்ல மாட்டார்.

கிராமத்துக் கார்களுக்கு இன்னொரு ஆபத்து டிக்கியில் ஏறும் உர மூட்டை. பொட்டாஷ் என்று வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பைப் போல இதுவும் குளோரைடு உப்புதான். மூட்டையிலிருந்து சிந்திய ஒரு பிடி, டிக்கி கார்ப்பெட்டுக்குக் கீழே ஸ்டெப்னி வைக்கும் குழியில் போய்ச் சேர்ந்து, மழையில் ஈரம் பட்டால், கடற்கரையில் நிற்கும் காருக்கு நேர்வது வயல்வெளியில் நிற்கும் காருக்கும் நேர்கிறது. கடலூர், பரங்கிப்பேட்டைக் கார்களுக்கு உப்புக் காற்று தானாக வருகிறது. நாம் அதை மூட்டை கட்டி ஏற்றி வருகிறோம். உரம் ஏற்றத்தான் வேண்டும் என்றால் தடித்த தார்ப்பாய் விரித்து ஏற்றுவதும், இறக்கிய அன்றே ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்துத் துடைப்பதும் செலவில்லாத வைத்தியம்.

அடிப்பகுதிக்கு ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடிப்பது நல்லதுதான். சுத்தமாகக் கழுவி, முழுதும் உலர்த்தி, துரு இருந்தால் தேய்த்தெடுத்து அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் அவசரமாக வந்து, காலையில் கழுவி மாலையில் அடித்துக்கொண்டு போகிறவர்கள் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். அதைவிட அடிக்காமல் இருப்பது மேல். பழைய ஷெட்களில் டீசலோடு கழிவு ஆயிலைக் கலந்து அடியில் ஸ்பிரே அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. துருவைச் சில நாள் தள்ளிப்போடும், உண்மைதான். ஆனால் சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்களை எண்ணெய் ஊதச் செய்து கெடுக்கும். புழுதியையும் வாரி ஒட்டவைத்துக்கொள்ளும்.

இனி, காரைக் காப்பதற்கு இன்று அதிகம் விளம்பரப்படுத்தப்படும் பொருளுக்கு வருகிறேன்: செராமிக் கோட்டிங். விருத்தாசலம் வட்டாரத்தில் வளர்ந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் சும்மா கடந்து போக முடியாது. செராமிக் எங்கள் ஊர்த் தொழில். விருத்தாசலத்தில் அதற்கென்று தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்க அரசு நிறுவனமே இருக்கிறது. மின்கம்பத்து இன்சுலேட்டரும் ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் அகல் விளக்கும் அங்கே உருவாகின்றன. களிமண்ணை வார்த்து, உலர்த்தி, மேலே கிளேஸ் பூசி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் கிளேஸ் உருகிக் கண்ணாடியாகி மண்ணோடு ஒன்றிவிடுகிறது. கிளேஸ் பூசாத மண்பானை தண்ணீரைக் குடிக்கும், கசியும். நன்றாகச் சுட்ட போர்சிலின் இன்சுலேட்டரோ பத்து மழைக்காலம் கம்பத்தின் உச்சியில் நின்றாலும் உள்ளே ஈரம் ஏற்காது. அது குளிர்ந்த கையால் தடவி வருவதல்ல, நெருப்பில் வருவது.

காருக்குப் பூசும் செராமிக் கோட்டிங் சூளையைப் பார்ப்பதில்லை. அது சிலிக்கா சேர்மங்கள் கலந்த திரவம். துணியில் தொட்டுத் தேய்த்தால் சாதாரண வெப்பத்திலேயே இறுகி, ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் அளவில் படலமாகும். நீர் அதன்மேல் முத்து முத்தாக உருண்டு ஓடும். சேறு எளிதில் கழன்றுவிடும். பறவை எச்சமும், மரத்திலிருந்து சொட்டும் பிசினும் கிளியர் கோட்டை அரிப்பதற்குள் துடைத்துவிட நேரம் கிடைக்கும். வெயிலில் நிறம் மங்குவதும் குறையும். இவை உண்மையான நன்மைகள், மறுக்க வேண்டியதில்லை. '9எச் கடினம்' என்று விளம்பரத்தில் வருவதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவுகோல். 9எச் என்பது மிகக் கடினமான பென்சில். வைரம் பத்து, குவார்ட்ஸ் ஏழு என்று கனிமங்களை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலோடு அதற்குச் சம்பந்தமில்லை. சாலை ஜல்லி ஒன்று தெறித்தால் அந்த இரண்டு மைக்ரான் படலமும் அதன் கீழிருக்கும் நூறு மைக்ரானும் ஒருசேரப் பெயர்ந்து வரும். பெயிண்டின் மேல் ஒட்டும் தடித்த பிளாஸ்டிக் படலமான பி.பி.எஃப். அந்த அடியைத் தாங்கும். அதன் விலையும் பல மடங்கு.

செராமிக் கோட்டிங் மேல்பக்கத்துப் பொருள் என்பதுதான் என் முக்கியமான மறுப்பு. அது ரன்னிங் போர்டின் மூலைக்குப் போகாது. கதவின் உள்ளே போகாது. ஒயரிங் கனெக்டருக்குள் போகாது. துரு தொடங்கும் இடம் எதையும் அது தொடுவதில்லை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அதைப் பூசிக்கொண்டு, 'இனி மழையைப் பற்றிக் கவலை இல்லை' என்று அடிப்பக்கம் குனிந்தே பார்க்காமல் விடுபவர்களை நினைத்துத்தான் எனக்கு வருத்தம். கையில் அளவான பணம் இருந்தால் முதலில் அடிப்பக்கத்துக்கு, பிறகு டயருக்கும் வைப்பருக்கும், மிஞ்சினால் மினுக்கத்துக்கு என்பது என் வரிசை. மினுக்கத்துக்குச் சாதாரண மெழுகு பாலிஷே சில மாதம் போதுமான வேலை செய்யும்.

மழை காருக்குள் வரும் வழிகளும் விசித்திரமானவை. பலர் நினைப்பதுபோல் அது கண்ணாடி இடுக்கில் வருவது குறைவு. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் படுத்திருக்கும் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு வாய்க்கால் உண்டு. கண்ணாடியில் வழியும் தண்ணீர் முழுவதும் அதில் இறங்கி இரண்டு ஓரத்துத் துளை வழியே கீழே போக வேண்டும். எங்கள் ஊரில் வண்டிக்கு நிழல் என்றால் புளியமரமும் வேப்பமரமும்தான். புளிய இலை சின்னது. அந்த மூடியின் வலைத் துளைகளைத் தாண்டி உள்ளே போய், காய்ந்து, புழுதியோடு சேர்ந்து அந்தத் துளையைக் களிம்பு போல அடைத்துவிடும். முதல் கனமழையில் வாய்க்கால் நிரம்பி, ஏசிக்குக் காற்று இழுக்கும் வாய் வழியாக முன்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் இறங்கும். மேலே மிதியடி விரித்திருப்பதால் தெரியாது. அதன் கீழே கார்ப்பெட்டும் பஞ்சும் ஊறிக் கிடக்கும். நாலாம் நாள் வாடை வரும்போதுதான் தெரியும். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் இதே கதைதான். சன்ரூஃப் வைத்த வண்டிகளில் நான்கு மூலைக்கும் வடிகுழாய் உண்டு. அதிலும் ஒன்று அடைத்தால் தண்ணீர் கூரைத் துணியில் இறங்கும்.

கதவுகளும் அப்படியே. ஜன்னல் கண்ணாடியோடு சேர்ந்து கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு, அதற்காகவே கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்து மூடும்போது 'களக் களக்' என்று உள்ளே தண்ணீர் ஆடினால் அந்தத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் கால் லிட்டர் சேற்றுத் தண்ணீர் ஒழுகும். கதவின் அடிப்பாகம் உள்ளிருந்து துருப்பிடித்து, பெயிண்ட் கொப்புளம் விட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. துரு அப்போது வெளியே வந்து முகம் காட்டுகிறது, தொடங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும்.

இந்த வேலைகளுக்கு நம் நாள்காட்டியிலேயே பொருத்தமான நாள் இருக்கிறது. ஆயுத பூஜை புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ, வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்பாக வருகிறது. அன்று கழுவாத வண்டி ஊரில் இல்லை. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. அதே நாளில் மிதியடியைத் தூக்கிக் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பார்ப்பது, வைப்பருக்குக் கீழே அடைந்த இலையை அள்ளுவது, கதவுத் துளைகளைக் குத்துவது, ஸ்டெப்னிக் குழியைத் துடைப்பது, நான்கு மட்கார்டிலும் குழாயைப் பிடித்துச் சேறு கரையும் வரை பீய்ச்சுவது எல்லாவற்றையும் முடித்துவிட்டால், மழைக்காலத்துக்கு வேண்டிய பராமரிப்பில் பெரும்பகுதி முடிந்த மாதிரி.

போர்வை பற்றி ஒரு வார்த்தை. மழையில் நின்று நனைந்த காரின் மேல் உடனே கவர் போட்டு மூடுவது தவறு. ஈரம் வெளியேற வழியில்லாமல் வேகும். கவர் காற்றில் ஆடி, அதிலுள்ள மண் பெயிண்டை ராவும். கூரைக் கொட்டகை இருந்தால் கவர் தேவையில்லை. கொட்டகைத் தரை சிமெண்டாகவோ ஜல்லியாகவோ இருப்பது முக்கியம். மண் தரையில், அதுவும் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கீழிருந்து ஈரமும் பக்கவாட்டிலிருந்து எலியும் வரும். மழையில் வளையில் தண்ணீர் ஏறியதும் வயல் எலி உலர்ந்த, வெதுவெதுப்பான இடம் தேடுகிறது. சூடு ஆறாத எஞ்சினைவிட நல்ல இடம் அதற்கு எது? ஒரே இரவில் அது கடித்துவிடும் ஒயரிங்குக்கு ஆகும் செலவு மழை நேராகச் செய்யும் சேதத்தைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு. இரவில் பானெட்டைத் திறந்து வைப்பது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. இருட்டும் கதகதப்பும் போய்விட்டால் எலிக்கு அங்கே வேலையில்லை. இன்னொன்று: நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு நாள் கணக்கில் நிறுத்தினால் பின்சக்கர டிரம்மோடு பிரேக் ஷூ துருவில் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்பது மேல்.

இதுவரை சொன்னவை மெதுவாக வரும் கேடுகள். வெள்ளம் அப்படியல்ல.

2015 டிசம்பர் சென்னை வெள்ளமும், 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை அடுக்ககத்திலிருந்து கார்கள் வரிசையாக மிதந்து போன காட்சியும் நகரத்தாருக்குப் பாடம் சொல்லிவிட்டன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தின் இருபுறமும் கார்கள் வரிசை கட்டி நின்றன. சிலர் அதைச் சிரிப்பாகப் பேசினார்கள். எனக்கு அது மக்கள் தாங்களே கண்டுபிடித்த, மிகச் சரியான பாதுகாப்பாகத் தோன்றியது. உயரத்துக்குப் போவதைவிட நல்ல கோட்டிங் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் மேம்பாலம் குறைவு. ஆனால் ஏரிக்குக் கீழ்ப்பக்கத்து ஊர்களில் எது மேடு, எது பள்ளம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். வெள்ளாற்றங்கரையிலும், வெலிங்டன் ஏரியின் பாசனப் பகுதியிலும் இருப்பவர்கள் மழைக்கு முன்பே வண்டியை நிறுத்தும் மேட்டைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் மாவட்டத்தில் சாய்த்த மரங்களை நினைவில் வைத்து, அந்த மேடு மரத்தடியாக இல்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார் ஏன் இவ்வளவு எளிதில் மிதக்கிறது? ஒரு சிறிய காரின் நீளம் மூன்றரை மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளம் ஐந்து சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அந்த அடித்தளத்துக்கு மேல் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறும்போதும் தண்ணீர் காரை ஏறக்குறைய 500 கிலோ விசையோடு மேலே தூக்குகிறது. சிறிய காரின் எடையே 800 கிலோ சுற்றித்தான். தரைக்கும் அடித்தளத்துக்கும் இடைவெளி 16, 17 சென்டிமீட்டர். ஆக, சாலையில் ஓரடி சொச்சம் தண்ணீர் நின்றால் சக்கரம் பிடிமானம் இழக்கத் தொடங்கும். ஓடும் தண்ணீராக இருந்தால் இன்னும் முன்பே. முழங்கால் அளவுதானே என்று இறங்குகிறவர்கள் தங்கள் காலைக் கணக்கில் எடுக்கிறார்கள், காரின் வயிற்றை எடுப்பதில்லை. பெரிய ஜீப் வகை வண்டிக்காரர்கள் தங்களுக்கு விலக்கு என்று நினைக்கிறார்கள். மஹிந்திரா தார் 650 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று நிறுவனம் சொல்வது நிற்கிற தண்ணீருக்கும் தெரிந்த தரைக்கும்தான். ஓடை பாலத்தை அரித்துவிட்டிருந்தால் எந்த வண்டியும் ஒன்றுதான்.

ரயில்வே சுரங்கப்பாதைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். லெவல் கிராசிங்குகளை மூடி, தண்டவாளத்துக்குக் கீழே குடைந்த இந்தப் பாதைகள் தமிழ்நாடெங்கும் மழைக்குக் குளமாகின்றன. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் அப்படியொரு சுரங்கப்பாதையில் கார் சிக்கி, அரசு மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் தேங்கிய தண்ணீர் ஈரமான தார்ச்சாலை போலவே தெரியும், ஆழம் தெரியாது. மூழ்கும் காரில் வெளித் தண்ணீர் கதவை அழுத்திப் பிடிக்கும். பவர் விண்டோ வேலை செய்யும் ஆரம்ப நிமிடத்திலேயே கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். இந்தப் பாதைகளில் ஆழம் காட்டும் அளவுகோலும், மழை நாளில் அடைக்கும் தடுப்பும், வடிகாலோடு மோட்டாரும் இல்லாமல் திறந்து விடுவது குற்றம் என்றே நான் கருதுகிறேன். காரைக் காப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் செய்யக்கூடாத ஒன்று மறுபடி சாவியைத் திருப்புவது. எஞ்சின் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. ஏர் ஃபில்டர் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கையில் ஸ்டார்ட் செய்தால், மேலே வரும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் மோதி, கனெக்டிங் ராடு வளையும். சில நேரம் உடைந்து பிளாக்கையே துளைக்கும். அமுக்கம் அதிகமான டீசல் எஞ்சினுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். தானாக நின்ற எஞ்சின் பெரும்பாலும் பிழைக்கக்கூடியது. அதைக் கொல்வது நம் பதற்றம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, இழுத்துக்கொண்டு போய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மாற்றாமல் ஓட்டக்கூடாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு வண்டிகளில் சென்சார்களும் கனெக்டர்களும் பெருகிவிட்டன. சீட்டுக்கு அடியிலும் நடுக் கன்சோலுக்கு அடியிலும் ஏர்பேக் கருவி முதலியவை இருக்கின்றன. கார்ப்பெட் நனைந்த காரில் அன்று எல்லாம் வேலை செய்யும். மூன்று மாதம் கழித்து, கனெக்டருக்குள் பச்சை பூத்த ஒரு உலோகப் பின் காரணமாக ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும்.

அடுத்தது இன்சூரன்ஸ். வெள்ளம், புயல், சூறாவளி, நீரில் மூழ்குதல் ஆகியவை 'சொந்தச் சேத'ப் பாலிசியில் அடங்கும். மூன்றாம் நபர் பாலிசியில் அடங்காது. இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதோடு சொந்தச் சேதக் காப்பீட்டை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்தவர்கள், பாலிசித் தாளில் மூன்று வருடம் என்று பார்த்துவிட்டு இரண்டாம் வருடம் புதுப்பிக்காமல் விடுகிறார்கள். வெள்ளத்தில் வண்டி போன பிறகுதான், கையில் இருப்பது அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான தாள் என்று தெரிகிறது. ஐப்பசிக்கு முன் பாலிசியை எடுத்து 'ஓன் டேமேஜ்' எந்தத் தேதி வரை என்று படித்துவிடுவது நல்லது. அடுத்து, எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து வரும் சேதத்தை நிறுவனங்கள் பின்விளைவு என்று சொல்லித் தள்ள முடியும். அதற்கு 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பு தனியாக வாங்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயருக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத காப்பும் தனி. பழுதுச் செலவு வண்டியின் அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாக எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் மட்டம் தெரியும்படி வண்டியை இருந்த இடத்திலேயே படம் எடுத்து, தொடுவதற்கு முன் நிறுவனத்துக்குத் தெரிவிப்பது, பிறகு வரும் வாக்குவாதத்தில் பாதியைக் குறைக்கும்.

முழு இழப்பான கார்கள் எங்கே போகின்றன என்பது யாரும் அதிகம் பேசாத பகுதி. அவை ஏலம் போகின்றன. ஒயரிங் மாற்றி, சீட் உறை மாற்றி, வாசனை அடித்து, வெள்ளம் வராத ஊர்களின் பழைய கார் சந்தைக்கு வருகின்றன. அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயல் லட்சக்கணக்கான வண்டிகளை மூழ்கடித்தது. அங்கே பல மாநிலங்களில் வெள்ளத்தில் மூழ்கி முழு இழப்பான வண்டியின் உரிமைச் சான்றிலேயே அந்த முத்திரை குத்தப்படுகிறது. நம் ஆர்.சி. புத்தகத்தில் அப்படியொரு கட்டம் கிடையாது. திருச்சி நெடுஞ்சாலை ஓரம் பழைய கார் வாங்கப் போகும் எங்கள் ஊர் இளைஞர், சொந்த மழையைத் தப்பி, வேறொருவர் ஊரின் வெள்ளத்தை வீட்டுக்கு ஓட்டி வருகிறார். வாங்குமுன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். கடைசி அரையடியில் படிந்த வண்டல் கோட்டை யாரும் துவைத்திருக்க மாட்டார்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஆவி, டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர்க் கட்டில் காய்ந்த சேறு, ஸ்டெப்னிக் குழியில் மணல் என்று பார்க்கப் பார்க்கச் சாட்சி கிடைக்கும். விற்பவரின் பழைய பாலிசிகளைக் கேட்டு வாங்கி நோ கிளெய்ம் போனஸைப் பாருங்கள். அது 20, 25, 35, 45, 50 என்று ஏறி வர வேண்டும். 2015க்கோ 2023க்கோ அடுத்த வருடத்தில் அது திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால் காரணம் கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. மூழ்கிய வண்டி என்ற குறிப்பை ஆர்.சி.யில் ஏற்றும்படி சட்டம் வந்தால் இந்தத் துப்பறியும் வேலை தேவைப்படாது. அதற்கான தகவல் இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வண்டிப் பதிவும் 'வாகன்' என்ற அரசுக் கணினித் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் இணைக்க வேண்டியதுதான் பாக்கி.